காவலும் காண்போரும்: காவல்துறை வன்முறையைப் பேசும் படைப்புகளில் ஊரார் பெறும் இடம்

காவல்துறையின் வன்முறையைப் பொருளாகக் கொண்ட படைப்புகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இருவரைச் சுற்றியே நிகழ்கிறது. ஒருவர் அடிப்பவர், மற்றவர் அடிபடுபவர். இவ்விருவருக்கும் அப்பால் நின்று காண்கின்ற, கேள்விப்படுகின்ற, கைதட்டுகின்ற அல்லது கொதித்தெழுகின்ற ஊரார் அப்படைப்புகளில் எவ்வாறு அமைகின்றனர் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தமிழ் நாவல்கள் இரண்டும் திரைப்படங்கள் சிலவும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. வங்கம், மலையாளம், இந்தி ஆகிய மொழிப் படைப்புகள் ஒப்புநோக்கத் தேவைப்படும் இடங்களில் மட்டும் சுட்டப்படுகின்றன.

இவ்வாய்வுக்குத் தூண்டுதலாக அமைந்தவை ஏறத்தாழ ஆறு திங்கள் இடைவெளியில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள். 2019 நவம்பர் இறுதியில் ஐதராபாத்தை அடுத்த சம்சாபாத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் வன்புணர்வுக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் கைதான நால்வரும் டிசம்பர் 6ஆம் நாள் விடியற்காலையில் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்விடத்தில் திரண்ட மக்கள் காவலர்கள்மீது மலர் தூவினர்; இனிப்பு ஊட்டினர்; பெண்கள் காப்புக்கயிறு கட்டினர். அதன்பின் 2020 சூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைக் கடந்து கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட தந்தையும் மகனும் காவல்நிலையத்தில் தாக்கப்பட்டு அடுத்தடுத்து உயிரிழந்தனர். தமிழகம் கொந்தளித்தது, வணிகர்கள் கடையடைத்தனர், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. முதல் நிகழ்ச்சியைத் தமிழகத்திலிருந்து வாழ்த்தியவர்களும் பலர். அவர்களுள் எத்தனை பேர் இரண்டாவதற்குக் கண்ணீர் விட்டனர் என்பதைக் கணக்கிட வழியில்லை. ஆயினும் இரு கூட்டத்தாரும் முற்றிலும் வேறானவர்கள் என்று எவரும் துணிந்து கூற இயலாது. ஒரே மக்கள் ஓரிடத்தில் மலர் தூவுவதும் மற்றோரிடத்தில் சினந்தெழுவதும் எந்தக் கதையின் அடிப்படையில் நிகழ்கின்றன? கதை என்னும் சொல்லை இவண் அதன் நேர்ப்பொருளிலேயே ஆள்கிறோம்.

சிலம்பில் ஒரு துரத்தல் கதை

விசாரணையின்றிக் கொல்லுதல் தமிழிலக்கியத்திற்குப் புதிய பொருள் அன்று. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை அரசனின் தவறாகவும் ஊழின் விளைவாகவும் படிப்பது நம் வழக்கம். ஆயின் அக்காதையில் காவலர் நடந்துகொள்ளும் முறை தனித்து நோக்கத்தக்கது. கோவலனைக் கண்ட காவலர் முதலில் தயங்குகின்றனர்; அவன் தோற்றம் கள்வனுக்கு ஒத்ததாக இல்லை என்கின்றனர். அத்தயக்கத்தைப் பொற்கொல்லன் கதை சொல்லியே கலைக்கிறான். கள்வர் கையாளும் மந்திரம், மருந்து, நிமித்தம் முதலிய எட்டு வகைத் துணைகளை விரித்துரைக்கிறான். அரசமகனின் ஆரத்தைக் கவர்ந்து மறைந்த ஒருவனின் கதையை எடுத்துக்காட்டுகிறான். அதன்பின் காவலருள் இளைஞன் ஒருவன் தன் பட்டறிவைச் சொல்கிறான். மழைக்கால நள்ளிரவில் தான் எதிர்கொண்ட கள்வன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்தான், மீண்டும் கண்ணில் படவில்லை என்பது அவன் கூற்று. இவ்வுரையாடல் முடியும்முன்னரே கல்வியறிவற்ற குடிமகன் ஒருவன் கோவலன்மீது வாளை வீசிவிடுகிறான்.

தப்பிப் போன பழைய கள்வன் ஒருவனின் கதை, எதிரே நிற்கும் புதியவனின் உயிரை வாங்குகிறது. கோவலன் ஓடவில்லை, எதிர்க்கவில்லை, ஆயுதமும் ஏந்தவில்லை. ஆயினும் ஓடிவிடுவான் என்னும் அச்சம் அக்காவலரிடையே சொற்களால் உருவாக்கப்பட்டுவிட்டது. இக்காலக் காவல்துறைச் செய்திக்குறிப்புகளில் இடம்பெறும் 'தப்பியோட முயன்றபோது' என்னும் தொடரோடு இப்பகுதியை இணைத்துப் படிப்பது மிகையாகாது என்றே கருதுகிறோம்.

ஊரார் நிலை இன்னும் நுட்பமானது. ஊர்சூழ்வரியில் மதுரை மக்கள் கண்ணகியைக் கண்டு கலங்குகின்றனர். அரசனின் செங்கோல் வளைந்தது என்று வருந்துகின்றனர். கோவலன் உடல் கிடந்த இடத்தை அவளுக்குக் காட்டுகின்றனர். அவர்களுக்கு உண்மை தெரிகிறது. ஆயினும் கண்ணகி சிலம்பேந்தி வரும்வரை அரண்மனை வாயிலுக்கு எவரும் செல்லவில்லை. அவ்வூரில் பெண்டிரும் சான்றோரும் தெய்வமும் உளரோ என்று அவள் வினவுவது அரசனை நோக்கி அன்று, ஊரை நோக்கி என்பது கருதத்தக்கது. வழக்குரைத்த பின்னர் அரசன் வீழ்ந்துவிடுகிறான். எனினும் நகர் எரிகிறது. நல்லோரை விலக்கித் தீயோரை மட்டும் தீ சென்று சேர வேண்டும் என்னும் அவளது ஆணையும், ஊரினுள் குற்றத்தில் பங்குடையோர் உளர் என்னும் எண்ணத்தை உள்ளடக்கியதே. கண்ணகியின் சினத்தைக் கற்பின் ஆற்றலாக மட்டும் விளக்கும் உரைமரபு, ஊரார்மீது அவள் வைக்கும் இக்குற்றச்சாட்டைப் போதுமான அளவு பொருட்படுத்தவில்லை.

துரத்தலின் சட்டமும் துரத்தலின் மொழியும்

தப்பியோடுபவரைப் பிடிக்கும் அதிகாரத்தைச் சட்டம் வரையறுத்தே தந்துள்ளது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, கைதை எதிர்ப்பவரையோ தப்ப முயல்பவரையோ பிடிக்கத் தேவையான எல்லா வழிகளையும் கையாள இசைவளித்தது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் இறப்பை விளைவிக்கும் உரிமை இதனால் கிடைக்காது என்றும் அதே பிரிவு உரைத்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவும் இவ்வரம்பைப் பேணுகிறது. கொடுங்குற்றம் சாட்டப்பட்டவர் தப்ப முயன்றார் என்று கூறப்படும்போதே துப்பாக்கிக்குச் சட்டத்தின் நிழல் கிடைக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். ஆகவே ஓட்டம் என்பது நிகழ்ந்தே தீர வேண்டிய ஒன்றாகிவிடுகிறது; நிகழாதபோது எழுதப்படுகிறது.

மக்கள் வழக்கிலுள்ள சொற்கள் இதனை நன்கறியும். 'என்கவுன்டர்' என்பதற்கு நாளிதழ்கள் 'மோதல்' என்று எழுதிய காலம் உண்டு. மோதல் என்றால் இருதரப்பும் மோதியிருக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே பொருள். ஆனால் தமிழ்நாட்டின் தேநீர்க்கடைகளில் 'அவனை என்கவுன்டர் பண்ணிட்டாங்க' என்று பேசுவோர் அச்சொல்லைச் செயப்படுபொருள் குன்றா வினையாக்கிவிட்டனர். எழுவாய் காவல்துறை, செயப்படுபொருள் கொல்லப்பட்டவர். அரசின் அறிக்கை மறைக்கும் இலக்கணத்தை மக்கள் பேச்சு போட்டுடைக்கிறது. அவர்கள் ஏமாற்றப்படவில்லை. நிகழ்ந்தது யாதென அறிந்தே வாழ்த்துகின்றனர் அல்லது வாளாவிருக்கின்றனர். 'அறியாத மக்கள்' என்னும் கருதுகோளோடு இப்பொருளை அணுகும் ஆய்வுகள் இவ்விடத்தில்தான் வழுக்குகின்றன.

வழுக்குதல் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. அண்மை ஆண்டுகளில் கைதானோர் பலர் காவல்நிலையக் கழிவறையில் வழுக்கி விழுந்து கையோ காலோ முறிந்ததாகவும், மாவுக்கட்டுடன் நீதிமன்றத்திற்குக் கொண்டுவரப்பட்டதாகவும் தமிழகத்தில் செய்திகள் வந்தவண்ணம் உள்ளன. மாவுக்கட்டுப் படங்கள் நகைச்சுவைத் துணுக்குகளாகப் பரவின. 'முட்டிக்கு முட்டி தட்டுதல்', 'லாடம் கட்டுதல்', 'சிறப்பாகக் கவனித்தல்' ஆகிய பழைய வழக்காறுகளோடு மாவுக்கட்டும் சேர்ந்துகொண்டது. சினத்தையும் ஒப்புதலையும் பற்றி எழுதுவோர் இந்நகைப்பைக் கருதுவதில்லை. தொல்காப்பியர் நகைக்கு நிலைக்களனாகக் கூறும் எள்ளல் இதில் உண்டு. ஆனால் எள்ளப்படுவது பொய் சொல்லும் அதிகாரமா, முறிந்த எலும்பா என்பது தெளிவாக இல்லை. இரண்டும் என்றே தோன்றுகிறது.

2004: ஒரு நாவலும் ஒரு பரிசளிப்பும்

ச. பாலமுருகனின் சோளகர் தொட்டி 2004இல் வெளிவந்தது. சத்தியமங்கலம் வனப்பகுதியில் வாழும் சோளகர் பழங்குடியினர், வீரப்பனைத் தேடிய தமிழக, கர்நாடக அதிரடிப்படையினரிடம் பட்ட துன்பத்தை இந்நாவல் பேசுகிறது. அதே ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் வீரப்பன் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அதிரடிப்படையினருக்குத் தமிழக அரசு பணமுடிப்பும் வீட்டுமனையும் பதவி உயர்வும் வழங்கியது. மோதல் சாவுகள் பற்றிய 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்சநீதிமன்றம், இத்தகைய நிகழ்ச்சிகளை அடுத்து உடனடியாக வீரப்பரிசுகளும் முறைமாறிய பதவி உயர்வும் தரலாகாது என்று நெறிப்படுத்தியது. 2004இல் அத்தகைய வரையறை இல்லை. ஊர் கொண்டாடியது. நாவல் அவ்வாண்டில் பேரளவு வாசகரைச் சென்றடைந்தது என்று கூறுவதற்கில்லை.

நாவலின் அமைப்பே இக்கொண்டாட்டத்திற்கு எதிரானது. முதற்பகுதி முழுவதும் காடு, வேட்டை, விதைப்பு, திருவிழா, கொத்தல்லியின் தலைமை, சிவண்ணாவின் இளமை என்று தொட்டியின் வாழ்வே விரிகிறது. காவல்துறை இரண்டாம் பகுதியில்தான் முழு வலிமையோடு நுழைகிறது. இம்முற்பகுதி நீண்டது, கதைக்குத் தேவையற்றது என்று கருதுவோர் இருக்கலாம். ஆனால் செய்தித்தாளில் 'வீரப்பனுக்கு உதவியவர்கள்' என்னும் ஒற்றைத் தொடராக மட்டும் அறியப்பட்டவர்களுக்கு ஊரும் உறவும் பெயரும் தருவதற்கு அத்தனை பக்கங்கள் தேவைப்படுகின்றன. மாதேசுவரன் மலையில் 'ஒர்க்ஷாப்' என்று வழங்கப்பட்ட வதைமுகாமுக்கு மாதி கொண்டுசெல்லப்படும்போது வாசகர் அவளை ஏற்கெனவே அறிந்திருக்கின்றனர்.

ஒர்க்ஷாப் என்னும் பெயரும் கவனிப்புக்குரியது. பழுதுபார்க்கும் இடம் என்னும் பொருளுடைய அன்றாடச் சொல், மின்சாரம் பாய்ச்சி உடலை வதைக்கும் இடத்திற்குப் பெயராயிற்று. தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு இக்கொடுமைகளை விசாரித்தது. 2007இல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. வாச்சாத்தியில் 1992 சூனில் நிகழ்ந்த கொடுமைக்கு 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. முப்பத்தோர் ஆண்டுகள் கழிந்திருந்தன. மலைவாழ் மக்கள்மீதான இவ்வன்முறைகளுக்கு நகரத் தமிழர் காட்டிய எதிர்வினை, சாத்தான்குளத்திற்குக் காட்டியதோடு ஒப்பிடத்தக்கதாக இல்லை. வாச்சாத்தி வழக்கு உயிரோடிருந்தமைக்குப் பழங்குடி மக்கள் சங்கத்தினரின் விடாமுயற்சியும் இடதுசாரி இயக்கத்தின் துணையுமே காரணம்.

லாக்கப்பிலிருந்து விசாரணைக்கு

கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநரான மு. சந்திரகுமார் 1983இல் ஆந்திரத்தின் குண்டூரில் தாம் பட்டதை 2006இல் லாக்கப் என்னும் நாவலாக்கினார். அதனைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய விசாரணை 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2016 பிப்ரவரியில் வெளிவந்தது. பிழைக்கச் சென்ற இளைஞர்கள், தாம் செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்படி நாள்தோறும் அடிக்கப்படுகின்றனர்.

ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், காவல் அதிகாரியிடம் தரப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றது. ஆனால் அவ்வாக்குமூலத்தின் வழியே பொருள் ஏதேனும் கண்டெடுக்கப்பட்டால் அதற்குரிய பகுதி செல்லும் என்றும் கூறியது. புதிய சட்டத்திலும் இந்நிலை தொடர்கிறது. செல்லாத சொல்லுக்காக எவரும் ஒருவரைப் பதின்மூன்று நாள் அடிப்பதில்லை. வழக்கு முடிந்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும், களவுபோன பொருளின் உரிமையாளர் செல்வாக்குடையவர், மேலதிகாரி கெடு வைத்துள்ளார் என்னும் அலுவலகக் காரணங்களே அடிக்குப் பின்னுள்ளன. நாவலும் திரைப்படமும் காவலரை அரக்கராகக் காட்டாமல், இலக்கை எட்ட வேண்டிய ஊழியராகக் காட்டுவது இவற்றின் சிறப்பு. அடிப்பது அவர்களுக்கு வேலை.

இரு வடிவங்களுக்கும் பொதுவான கூறு மொழி. இளைஞர்களுக்குத் தெலுங்கு தெரியாது. காவலருக்குத் தமிழ் தெரியாது. திரைப்படத்தில் நடுவர் முன் அவர்கள் உண்மையைக் கூற இயன்றது, தமிழ்க் காவலர் முத்துவேல் மொழிபெயர்த்தமையால்தான். தமிழகத்திற்கு வெளியே இருந்து தமிழ் கற்பிப்போருக்கு இக்காட்சி தனி அழுத்தம் உடையது. புலம்பெயர்ந்த உழைப்பாளியின் மொழியை ஊர் புரிந்துகொள்ளாத இடத்தில், அவனுக்காக எதிர்வினையாற்ற ஊரும் இல்லை. இப்படத்தைக் கண்டு கலங்கிய தமிழர், தமிழகத்தில் பிடிபடும் வடமாநிலத் தொழிலாளர் நிலையை இதனோடு இணைத்துக் காண்பது அரிதாகவே உள்ளது. 2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர் என ஐயுறப்பட்ட ஐவர் நள்ளிரவில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, வாடகைக்குக் குடியிருக்கும் வெளிமாநிலத்தவரைக் காவல்துறை கணக்கெடுக்க வேண்டும் என்னும் கோரிக்கையே உரக்க ஒலித்தது.

நாவலில் இல்லாத பிற்பகுதியைத் திரைப்படம் சேர்த்துக்கொண்டது. விடுதலையான இளைஞர்கள் தமிழகத்திற்கு வந்தபின், தாம் கண்டுவிட்ட உண்மையின் காரணமாகவே கொல்லப்படுகின்றனர். வழியில் இறங்கிக்கொண்ட குமார் மட்டும் தப்புகிறான். எழுதியவர் உயிரோடிருப்பதால் அவர் வழியில் இறங்கியே ஆக வேண்டும் என்னும் குறிப்பு இதில் உண்டு. சந்திரகுமாரின் நாவல் பிழைத்தவனின் சான்று. திரைப்படத்தின் பிற்பகுதி சான்று சொல்ல எவரும் எஞ்சாத நிலை. பின்னதை வேறெந்த வகையில் எழுதுவது என்பது எளிதில் விடை காணத்தக்க வினா அன்று.

குற்றமற்றவன் என்னும் நிபந்தனை

மேற்கண்ட படைப்புகளும், 2021இல் வெளிவந்த ஜெய் பீம் திரைப்படமும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. வதைபடுவோர் குற்றமற்றவர்கள். ஜெய் பீம் படத்தில் இருளர் இளைஞன் ராசாகண்ணு திருடவில்லை. 1993இல் கம்மாபுரம் காவல்நிலையத்தில் நிகழ்ந்த கொலையும், வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு நடத்திய ஆட்கொணர்வு வழக்கும் இதன் மூலம். மெய்யான நிகழ்ச்சியில் பாதிக்கப்பட்டவர் குறவர் சமூகத்தவர். படம் அவரை இருளராக்கியது. படத்தின் தாக்கத்தை ஐயுற வேண்டியதில்லை. பழங்குடியினர்மீது பொய்வழக்குப் போடும் வழக்கம் பற்றிப் பேச்சு எழுந்தது அதன் பின்னர்தான்.

ஆயினும் ஒரு காட்சி நின்று நோக்கத்தக்கது. இவ்வழக்கை நேர்மையாக விசாரிக்கும் உயர் அதிகாரி பெருமாள்சாமி, விசாரணையின்போது இந்தியில் பேசும் அடகுக்கடைக்காரர் ஒருவரைக் கன்னத்தில் அறைந்து தமிழில் பேசச் சொல்கிறார். படம் வெளிவந்தபோது இக்காட்சி வடமாநிலங்களில் சர்ச்சையாயிற்று. இந்தியை இழிவுபடுத்துவதாகச் சிலர் கூறினர். மொழியைக் கேடயமாக்கி மழுப்பியவனுக்கு அது தகும் என்று தமிழகத்தில் மறுமொழி கூறினர். இரு தரப்பினரும் மொழியைப் பற்றியே பேசினர். விசாரணையில் ஒருவரை அடிப்பதை எதிர்க்கும் படத்தில், விசாரணையில் ஒருவர் அடிக்கப்படுகிறார் என்பது ஏறத்தாழ எவர் பேச்சிலும் இடம்பெறவில்லை. நல்ல அதிகாரியின் கை தீயவன்மீது படும்போது அது வன்முறையாகவே தோன்றுவதில்லை. படத்தின் கதைத்தலைவராக வழக்கறிஞர் வேடமேற்ற சூர்யாவே காக்க காக்க படத்தில் (2003) என்கவுன்டர் பிரிவின் அன்புச்செல்வனாகவும் சிங்கம் படத்தில் (2010) துரைசிங்கமாகவும் கைதட்டல் பெற்றவர் என்பதை இதனோடு சேர்த்தெண்ணலாம். காக்க காக்க படத்தில் மனித உரிமை பேசுவோர் கதைத்தலைவனுக்குத் தடையாகவே வருகின்றனர். படத்தின் பெயர் கந்தசஷ்டி கவசத்தை நினைவூட்டுவது. காத்தருள வேண்டும் என்னும் வேண்டுதல் கடவுளிடமிருந்து காவல் அதிகாரிக்கு இடம்பெயர்கிறது.

ஜெய் பீம் இயக்குநர் த.செ. ஞானவேல் 2024இல் வேட்டையன் படத்தில் ஊராரையே கதையின் விசையாக்கினார். ஆசிரியை ஒருவர் கொல்லப்படுகிறார். மக்கள் உடனடித் தண்டனை கோருகின்றனர். என்கவுன்டருக்குப் பெயர்பெற்ற அதிகாரி அதியன், குணா என்னும் இளைஞனைச் சுட்டுக் கொல்கிறார். அவன் குற்றவாளி அல்லன் என்பது பின்னர்த் தெரிகிறது. மக்களின் அவசரம் கொலைக்கு உடந்தை என்று வெளிப்படையாகக் கூறிய வணிகத் தமிழ்ப்படம் என்னும் வகையில் இது பாராட்டுக்குரியது. ஐதராபாத் நிகழ்ச்சியின் நிழல் இதில் படிந்துள்ளது என்று கருத இடமுண்டு. ஆனால் அதியனின் பிழை ஆள் மாறிச் சுட்டதா, சுட்டதா? குணா உண்மையாகவே கொலைகாரனாக இருந்திருப்பின் இப்படத்தின் வாதம் எங்கே நின்றிருக்கும்? முன்னைய என்கவுன்டர்களுக்காக இரசிகர் எழுப்பும் ஆரவாரத்தைப் படம் வேண்டி வரவேற்றுக்கொண்டே, இந்த ஒன்றுக்காக மட்டும் வருந்துகிறது. விதி விலக்கின்றி இருப்பதும் விலக்கு மட்டும் தவறாவதும் வெவ்வேறு என்பதைத் திரைக்கதை நேரே எதிர்கொள்ளவில்லை.

உச்சநீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையம் 2022இல் வெளியான தன் அறிக்கையில், ஐதராபாத்தில் நால்வரும் கொல்லும் நோக்கத்தோடே சுடப்பட்டனர் என்றும், அவர்களுள் மூவர் நிகழ்ச்சியின்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் கண்டது. காவலர் பத்துப் பேர்மீது கொலை வழக்குத் தொடரவும் பரிந்துரைத்தது. மலர் தூவியபோது இருந்த கூட்டம் இவ்வறிக்கை வந்தபோது எங்கும் திரளவில்லை. அந்நால்வரும் குற்றமற்றவர்கள் என்று ஆணையம் கூறவில்லை; கூறுவது அதன் பணியும் அன்று. 'குற்றமற்றவன் வதைபடுகிறான்' என்னும் கதைக்குள் அடங்காத உடல்கள் அவை. ஆகவே அவர்களுக்காக நாவலும் திரைப்படமும் எழுதப்படுவது கடினம். சாத்தான்குளத்தில் கடைதிறப்பு என்னும் குற்றச்சாட்டு மிகச் சிறியது. எவரும் தம்மை அவ்விடத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. அங்கு எழுந்த சினம் உண்மையானது, தேவையானதும்கூட. ஆயினும் 'நம்மைப் போன்றவர்க்கு இது நேரலாமா' என்னும் கேள்வி அதனுள் இருந்தது. அக்கேள்வியின் மறுபுறத்தில் யாருக்கு நேரலாம் என்பதும் சொல்லாமலே இருக்கிறது.

பிற மொழிப் படைப்புகள் சில இந்நிபந்தனையைக் கைவிட்டுள்ளன. கோவிந்த் நிகலானியின் அர்த் சத்யா படத்தில் (1983) உதவி ஆய்வாளர் வேலன்கரின் அடியில் சாகிறவன் சிறு திருடன். திருடியது உண்மை. பார்வையாளர் அதுவரை வேலன்கரோடு நின்றவர்கள்; அவனது மனக்கசப்பை அறிந்தவர்கள். அவர்களையே அவன் கையோடு சேர்த்துப் படம் குற்றவாளிகளாக்குகிறது. பீகாரின் பாகல்பூரில் 1979, 1980ஆம் ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்டோரின் கண்களைக் காவலர் குத்தி அமிலம் ஊற்றிய நிகழ்ச்சி வெளியானபோது, அவர்கள்மீது நடவடிக்கை கூடாது என்று ஊரார் ஊர்வலம் சென்றனர். அதன் சாயலில் பிரகாஷ் ஜா எடுத்த கங்காஜல் (2003), அமிலத்தை வேண்டும் கூட்டத்தைத் திரையில் நிறுத்தியது. படம் இறுதியில் சட்டத்தின் பக்கம் சாய்ந்தாலும், அக்கூட்டத்தின் குரலில் உள்ள கவர்ச்சியை அது முழுமையாக அடக்கவில்லை.

மகாசுவேதா தேவியின் திரௌபதி சிறுகதை எழுபதுகளின் பிற்பகுதியில் எழுதப்பட்டது. சந்தால் பெண் தோப்தி மெஜென் சட்டத்தின் கண்ணில் குற்றமற்றவள் அல்லள். நிலக்கிழார் கொலையில் பங்குடையவள், தலைமறைவானவள், தேடப்பட்டவள். காட்டினூடே அவளைத் துரத்தும் பகுதி கதையின் பெரும்பகுதி. பிடிபட்டபின் அவள்மீது கூட்டு வன்புணர்வு ஏவப்படுகிறது. மறுநாள் காலையில் ஆடை உடுக்க மறுத்து, குருதி படிந்த உடலோடு சேனாநாயக் முன் வந்து நிற்கிறாள். ஆயுதமற்ற அவள்முன் அவ்வதிகாரி முதன்முறையாக அஞ்சுகிறார். அவள் அப்பாவி என்று மகாசுவேதா தேவி எங்கும் வாதிடவில்லை. வாசகரின் இரக்கத்தையும் வேண்டவில்லை. அச்சம் வாசகருக்கும் சேர்த்தே ஏற்படுகிறது. தமிழில் இதற்கு நிகரான ஓர் எழுத்து, வதைபட்டவரின் குற்றத்தை மறைக்காமலும் வதையை அதனால் குறைக்காமலும் பேசும் எழுத்து, மிக அரிது.

மலையாளத்தில் சாஜி என். கருணின் பிறவி வேறொரு வழியைத் தேர்ந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மார்ச்சில், கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் காவலரால் கொண்டுசெல்லப்பட்டார். கக்கயம் முகாமுக்குப் பின் அவர் உடலும் கிடைக்கவில்லை. தந்தை ஈச்சர வாரியர் தொடுத்த ஆட்கொணர்வு மனுவின் விளைவாக 1977இல் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார். இவ்வழக்கை நினைவூட்டும் பிறவியில் காவல்நிலையத்தின் உட்புறம் வதைக்களமாகக் காட்டப்படவில்லை. மகன் வருவானென்று முதியவர் ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கிறார், மழை பெய்கிறது, தோணி வருகிறது, மகன் வரவில்லை. அடியைக் காட்டும்போது எழும் கிளர்ச்சி, அது எதிர்ப்புக் கிளர்ச்சியாகவே இருப்பினும், இதில் எழ வழியில்லை. ஊராருக்கும் செய்வதற்கு ஒன்றும் தரப்படவில்லை. தோணிக்காரரும் அண்டைவீட்டாரும் முதியவரிடம் என்ன சொல்வதென்று அறியாது நிற்கின்றனர்.